முப்பத்தொன்றாம் இலக்கம்

சாய்ந்தமருதுக் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் குடியிருக்கும் ஹிமாயாவுக்கு வேன் ஓட்டத் தெரியாது. ஆனாலும் ஒன்பது வருடமாக அந்த வெள்ளை டொல்பின் வேனின் பாதி வேலை அவளுடையதாகத்தான் இருந்தது. கணவன் நளீர் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கல்முனைக்கு ஏற்றி இறக்குவான். எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல், எந்தப் பிள்ளை ஜன்னல் ஓரம் கிடைக்காவிட்டால் சத்தி எடுக்கும், எந்த உம்மா ஐந்து நிமிடம் பிந்தித்தான் கேட்டைத் திறப்பாள் என்பதெல்லாம் ஹிமாயாவின் தலைக்குள் இருக்கும். சுபஹ் தொழுத கையோடு போனை எடுத்தாளென்றால், பிட்டு அவிந்து முடிவதற்குள் பத்தொன்பது வீட்டோடும் கதைத்துவிடுவாள்.

வேனை வாங்கியதும் அவளுடைய நகையை விற்றுத்தான். ஆகவே வாகனப் புத்தகத்தில் இருந்தது அவள் பெயர். சொந்தக்காரர் வீடுகளில் என்ன கதை போனாலும் எப்படியாவது அந்த விஷயத்தை நடுவில் செருகிவிடுவாள்.

ஹிமாயா மனம் கெட்டவள் அல்ல. அயல் வீட்டில் ஒரு நாள் அடுப்பு எரியவில்லை என்று தெரிந்தால் முதலில் சோறு கொண்டு ஓடுகிறவள் அவள்தான். ஆனால் அதே வீட்டுக்காரர் புது கேட் போட்டால் இரண்டு நாளைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது. இந்தக் குணம் தன்னிடம் இருப்பது அவளுக்கே தெரியும். நோன்பு மாதத்தில் அழுது துஆக் கேட்பாள், "யா அல்லாஹ், இத என்னய விட்டு எடுத்துடு" என்று. பெருநாளன்று மற்றவர்கள் உடுத்து வரும் உடுப்பைக் கண்டதும் அது திரும்பி வந்து குந்திவிடும்.

எல்லாரையும்விட அவள் வயிற்றை எரித்தவள் ஸப்னா.

மருதமுனையில் இருக்கும் ஸப்னா, நளீரின் மாமி மகள். சின்ன வயதில் இருவருக்கும் முடித்து வைப்பதாகப் பெரியவர்கள் கதைத்ததுண்டு. ஸப்னாவின் வாப்பா வெளிநாட்டு மாப்பிள்ளையைத் தேடிப் போனதில் அந்தக் கதை நின்றுபோனது. வந்த மாப்பிள்ளை சவூதிக்குப் போனான்; போனவன் போனவன்தான். ஸப்னா காதி நீதிமன்றப் படியேறிப் பிரிவு வாங்கினாள். பிறகு வாகனம் ஓட்டப் பழகி, லைசன்ஸ் எடுத்து, ஒரு ஓட்டோவும் வாங்கி, பெண் பிள்ளைகளை டியூஷனுக்கும் மத்ரஸாவுக்கும் ஏற்றி இறக்கத் தொடங்கினாள்.

அவளுக்குப் பழக்கிவிட்டது யார் என்பது ஆறு மாதம் கழித்துத்தான் ஹிமாயாவுக்குத் தெரிய வந்தது. வேனில் வரும் ஒரு பிள்ளையின் உம்மா சொன்னாள்.

"ஒங்கட வேன மருதமுனைக் கடற்கரை ரோட்டுல அப்ப ஒருநாள் கண்டன் ராத்தா. ஒரு பொம்புள ஓட்டினா. நான் நீங்க எண்டு நினைச்சன்."

கேட்டபோது நளீர் மறைக்கவில்லை. "மாமி கேட்டாங்க, பழக்கினன். அவங்களும் பின் சீட்டுல இருந்தவங்கதானே. ஆறு நாள்தான்" என்றான்.

ஹிமாயா அதற்கு மேல் கிளறவில்லை. நளீர் அப்படிப்பட்டவன் அல்ல என்று அவளுக்குத் தெரியும். அவளைக் குத்தியது வேறொன்று. வேன் வாங்கிய புதிதில் ஒரு மாலை, "எனக்கும் ஓட்டப் பழக்கித் தாங்களன்" என்று அவள் கேட்டிருந்தாள். நளீர் விழுந்து விழுந்து சிரித்தான். "நீ ஓட்டினா ரோட்டுல படுக்கிற மாடெல்லாம் மதில் ஏறி நிக்கும் புள்ள." அன்றைக்கு அவளும் சேர்ந்து சிரித்தாள். அவன் அதோடு மறந்தான். அவள் மறக்கவில்லை.

சென்ற வருடம் நளீரின் முதுகு விழுந்தது. டாக்டர் எலும்புப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, இன்னும் ஒரு வருடம் டிரைவர் சீட்டில் இருந்தால் பிறகு கட்டிலில்தான் இருக்க வேண்டிவரும் என்று சொல்லிவிட்டார். வேனை விற்று, வீட்டு முன்னறையில் பலசரக்குக் கடை போடுவது என்று முடிவாயிற்று. தரகர்கள் வந்தார்கள். டயரை உதைத்துப் பார்த்தார்கள். ஒருவர் சொன்ன விலையை மற்றவர் இன்னும் குறைத்தார்.

ஹிமாயாவின் தம்பி றிபாஸ் கல்முனையில் போன் திருத்தும் கடை வைத்திருந்தான். அவன்தான் வழி சொன்னான்.

"புரோக்கர்மாருக்கு ஏன் ராத்தா தலையாட்டுறீங்க? ஒன்லைன் ஏலத்துல போடுவம். பத்து நாள். நாடு முழுக்கப் பாப்பாங்க. ஆரு கூடக் கேக்கிறாரோ அவருக்குப் போகும்."

புத்தகம் யார் பெயரிலோ அவர்தான் விற்பவர் என்பது ஏலக் கம்பனியின் விதி. ஆகவே ஹிமாயாவின் பெயரிலேயே பதிந்தான். படம் எடுக்கிற அன்று அவள் வேனைத் தன் கையாலேயே கழுவினாள். சீட்டுகளுக்கிடையில் கிடந்த பென்சில் துண்டுகள், டொபித் தாள்கள், ஒற்றைக் காலுறை எல்லாவற்றையும் பொறுக்கினாள். றிபாஸ் கடற்கரையில் கொண்டுபோய் நிறுத்தி எட்டுப் படம் எடுத்தான்.

அந்தப் பத்து நாளும் ஹிமாயாவுக்குப் பெருநாள் மாதிரி இருந்தது. ஏலம் கேட்பவர்களின் பெயர் தெரியாது. இலக்கம் மட்டும் தெரியும். யாரோ பன்னிரண்டாம் இலக்கம் பெரிதாக ஒரு பாய்ச்சல் பாய்வார். இரண்டு மணித்தியாலத்தில் முப்பத்தொன்றாம் இலக்கம் கொஞ்சமாக மேலே ஏறி உட்காரும். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். முப்பத்தொன்று மட்டும் போகவில்லை. சோறு வடிக்கும்போதும் ஹிமாயா போனைப் பார்த்தாள்.

"இந்த முப்பத்தொண்டு விடாது போல. எவ்வளவு ஆசையோ அந்த மனுசனுக்கு. அல்லாஹ் அவருக்கே குடுக்கட்டும்" என்று வாய்விட்டே சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், அஸர் தொழுகை நேரம், ஏலம் முடிந்தது. கடைசி ஐந்து நிமிடத்தில் பன்னிரண்டும் முப்பத்தொன்றும் மாறி மாறி ஏறின. மகள் அஸ்னா, பதினொரு வயது, கையைத் தட்டித் தட்டி எண்ணினாள். முப்பத்தொன்று வென்றது. கொஞ்ச நேரத்தில் வென்றவரின் விபரம் றிபாஸின் போனுக்கு வந்தது.

"ஆளு தூரமில்ல ராத்தா, மருதமுனைதான்" என்று உற்சாகமாகத் தொடங்கியவனின் குரல் இறங்கியது. "இது... நம்மட ஸப்னா."

நளீரின் முகம் மலர்ந்தது. அன்றுவரை வேன் எந்தக் கண்காணாத ஊருக்குப் போகுமோ என்ற கவலை அவனுக்கு இருந்தது. "நல்ல கைக்குத்தான் போகுது" என்றான். "அவ வேன நல்லா வெச்சிப்பா."

தேத்தண்ணி போடுவதாகச் சொல்லிக்கொண்டு ஹிமாயா குசினிக்குள் போனாள். கேத்தலைத் தண்ணீர்ப் பைப்பின் கீழே பிடித்தவள், அது நிரம்பி வழிந்து கை நனைவதைக்கூடக் கவனிக்காமல் நின்றாள். நல்ல கையாம். அப்படியென்றால் இந்த ஒன்பது வருடம் அது எந்தக் கையில் இருந்ததாம்?

செவ்வாய்க்கிழமை ஸப்னா வேனைப் பார்க்க வந்தாள். பஸ்ஸில் வந்து சந்தியில் இறங்கி வெயிலில் நடந்து வந்திருந்தாள். பொனட்டைத் திறந்து ஒயில் பார்த்தாள், எஞ்சினைப் போட்டுக் காது கொடுத்துக் கேட்டாள், டயர்களைக் குனிந்து தடவினாள். நளீர் முதுகைப் பிடித்தபடி பக்கத்தில் நின்று கிளச்சைப் பற்றி ஏதோ சொன்னான். பிறகு ஸப்னா அபாயாவை ஒதுக்கிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறினாள்.

சீட்டை முன்னுக்கு இழுக்கிற பிடி துருவேறி இறுகியிருந்தது. புதிதாக ஏறுகிற யாரும் இரண்டு கையாலும் மல்லுக்கட்டித் தோற்றுப்போவார்கள். ஸப்னா வெளியே பார்த்துக் கதைத்தபடியே ஒரு கையைக் கீழே விட்டாள். ஒரு தட்டு, ஒரு இழுப்பு. சீட் சறுக்கி முன்னுக்கு வந்தது. எங்கே தட்ட வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. ஹிமாயா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அஸ்னா ஓடிப்போய் மற்றப் பக்கம் ஏறினாள். "சாச்சி, ஹோன் அடிங்க சாச்சி!" ஸப்னா சிரித்தபடி அடித்தாள். வாப்பாவின் மச்சியைச் சாச்சி, அதாவது சின்னம்மா, என்பது முறைதான். அன்றைக்கு அந்தச் சொல்லும் ஹிமாயாவின் காதைச் சுட்டது.

போகும்போது ஸப்னா அவளிடம் வந்தாள். "ராத்தா, ஒரு உதவி. புள்ளையளுட உம்மாமாரு ஒங்களத்தான் நம்பி இரிக்காங்க. காலையில கோல் எடுத்துக் கதைக்கிற வேலைய நீங்களே செய்யுங்களன். மாசாமாசம் நான் ஒரு தொகை தாறன்."

நல்ல மனதோடு சொன்ன கதை. ஹிமாயாவுக்கோ, என் வேனில் எனக்கே இவள் சம்பளம் தரப் போகிறாளாம் என்றுதான் விளங்கியது. "பாப்பம்" என்று பல்லைக் காட்டினாள்.

வியாழக்கிழமை பெயர் மாற்றம் என்று பேச்சு. புதன்கிழமை காலை ஹிமாயா றிபாஸின் கடையில் போய் நின்றாள்.

"ஏலத்த நிப்பாட்டு."

"முடிஞ்ச ஏலத்த எப்பிடி ராத்தா நிப்பாட்டுற?"

"புத்தகம் என்ட பேருல. நான் கையெழுத்து வெக்க மாட்டன்."

றிபாஸ் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான். "ஏலத்துல போடக் கட்டின காசு திரும்பி வராது. ஒங்கட பேருல மறுகா அங்க ஒண்டும் விக்க ஏலா. அதக் கூட விடுங்க. வாக்குக் குடுத்த மாதிரித்தானே இது? பத்து நாளா ஊருக்கே காட்டி ஏலம் போட்டுட்டு, கேட்டவட பேரக் கண்டதும் இல்ல எண்டா என்ன கதை?"

"வீட்டுத் தேவைக்கு வேணுமாம் எண்டு எழுது."

அவன் அக்காவின் முகத்தைப் பார்த்தான். பிறகு எழுதி அனுப்பினான்.

கடையை விட்டு இறங்கியபோது நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ தூக்கிப் போட்டது போலிருந்தது ஹிமாயாவுக்கு. கல்முனைச் சந்தைக்குள் புகுந்து அரைக் கிலோ இறால் வாங்கினாள். நளீருக்கு இறால் என்றால் உயிர்.

இறாலை உரித்துக்கொண்டிருக்கும்போது நளீர் குசினி வாசலில் வந்து நின்றான். கையில் போன்.

"ஸப்னா எடுத்தா. ஏலம் முறிஞ்சிட்டு எண்டு கம்பனியால அறிவிச்சிரிக்காம். ஏதும் பிழையா விழுந்திட்டா எண்டு கேக்கிறா."

"பிழை ஒண்டுமில்ல. நான்தான் சொன்னன்."

"ஏன்?"

"என்ட வேன். விக்க மனமில்ல."

"விக்க மனமில்லையா, அவக்கு விக்க மனமில்லையா?"

ஹிமாயா ஒரு இறாலை உரித்து முடித்தாள். இன்னொன்றை எடுத்தாள். "அவக்கு ஆறு நாள் பழக்கினீங்க. நான் கேட்ட நேரம் மாடு மதில் ஏறும் எண்டு சிரிச்சீங்க."

நளீருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. தேடிப் பிடித்து ஞாபகம் வந்தபோது அவன் வாய் திறந்தபடி நின்றது. "அது பகிடிக்குச் சொன்ன கதை புள்ள. ஒம்போது வருஷம் இரிக்கும்."

"எனக்கு ஒம்போது வருஷமும் ஞாபகம்."

அவன் மெல்லக் கதிரையைப் பிடித்து உட்கார்ந்தான். "சரி, நான் செஞ்சது பிழைதான். என்னில எரிச்சல் எண்டா என்னோட சண்ட புடிச்சிரிக்கலாம். அவ என்ன செஞ்ச? திங்கக்கிழமை ஓட்டோவ வித்திட்டா, காசு சேக்க. இப்ப அவக்கு ஓட்டோவும் இல்ல, வேனும் இல்ல."

பஸ்ஸில் வந்து இறங்கி வெயிலில் நடந்து வந்தவள் ஹிமாயாவின் கண்ணுக்குள் வந்து நின்றாள்.

அந்த நிமிடத்தில் போனை எடுத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். அவளுக்கு அது தெரியும். சொல்லவில்லை. சொல்வதென்றால், எரிச்சலில்தான் செய்தேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதைவிட, அந்தக் கை இனி அந்தச் சீட்டின் கீழே போகாது என்ற நினைப்பில் ஒரு சின்னச் சந்தோஷம் இன்னும் மிச்சமிருந்தது. அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமை ஸப்னா தானாகவே வந்தாள். நளீர் பள்ளிவாசலுக்குத் தொழப் போயிருந்த நேரம். கதிரையின் விளிம்பில் இருந்தாள். கைப்பையை மடியை விட்டு இறக்கவில்லை.

"நான் சண்டைக்கு வரல்ல ராத்தா. காரணத்த ஒங்கட வாயால கேக்க வந்தன்."

"வீட்டுத் தேவைக்கு வேணும் புள்ள..."

"மச்சானுக்கு ஓட்ட ஏலா. ஒங்களுக்கு ஓட்டத் தெரியா. என்ன தேவை?"

தெரியாது என்ற அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. "ஒனக்குத் தெரியும்தானே! என்ட புருஷன் பழக்கினவருதானே!" என்று வெடித்துவிட்டாள் ஹிமாயா.

ஸப்னா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அப்ப அதுதான்" என்றாள். "படத்தக் கண்டதும் ஒங்கட வேன் எண்டு எனக்குத் தெரியும். ஒரு கோல் எடுத்திருந்தா மச்சான் விலை குறைச்சித் தந்திருப்பாரு. எனக்கு அப்பிடி வேணாம். ஊரான் கேக்கிற விலைக்கு மேல வெச்சி எடுக்கணும், நாளைக்கு ஒருத்தரும் வாய் துறக்கக் கூடாது எண்டுதான் பேரில்லாத ஏலத்துல கேட்டன். ஒங்களுக்காகவும்தான் ராத்தா அப்பிடிச் செஞ்ச." எழுந்தாள். "ஒங்கட எரிச்சலுக்கு என்ட ஓட்டோ போயிட்டு. அத மட்டும் தெரிஞ்சி வெச்சிக்குங்க."

வைத்த தேத்தண்ணி அப்படியே ஆறிக் கிடந்தது. அதன் பிறகு ஸப்னா அந்த வீட்டுக்கு வரவில்லை.

வாகன விலை ஏறிக்கொண்டே போன காலம் அது. ஸப்னா கையிலிருந்த காசுக்கு இன்னொரு வேன் அகப்படவில்லை. விற்ற ஓட்டோவையும் அதே விலைக்குத் திரும்ப எடுக்க முடியவில்லை. கல்முனை வியாபாரி ஒருவரின் பள்ளிக்கூட வேனுக்கு மாதச் சம்பளத்துக்கு டிரைவராகப் போனாள். அந்த வேன் ஓடியது சாய்ந்தமருதுப் பக்கம்தான். ஹிமாயாவின் வேன் முற்றத்தில் நிற்க நிற்க, பிள்ளைகளின் உம்மாமார் ஒவ்வொருவராக அங்கே மாறினார்கள். பதினொரு பிள்ளைகள் போனார்கள். "குறை நினைக்காதீங்க ராத்தா. அந்த ஸப்னா தங்கமான புள்ள. பிள்ளய இறக்கிப்போட்டு கேட்டுக்குள்ள போகுமட்டும் பாத்துட்டுத்தான் வேன எடுக்கிறா" என்றாள் ஒருத்தி. ஹிமாயா போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் போய் ஓட்டுநர் பயிற்சிக்குப் பதிந்தாள்.

"நான் பக்கத்துல இரிந்து சொல்லித் தாறன்" என்றான் நளீர்.

"தேவல்ல. நான் காசு குடுத்தே பழகிக்கிறன்."

முதல் தடவைப் பரீட்சையில் தவறினாள். இரண்டாம் தடவை, ஐந்தாவது மாதத்தில், லைசன்ஸ் வந்தது. வேன் பழையபடி ரோட்டில் இறங்கியது, அதுவரை பஸ்ஸில் போய்வந்த மிச்ச எட்டுப் பிள்ளைகளோடு. இப்போது காலையில் போனோடு உட்கார்ந்து வீடு வீடாகக் கதைப்பது நளீர். மூன்று பிள்ளைகளின் பெயரை மாற்றி மாற்றிச் சொல்லி உம்மாமாரிடம் ஏச்சு வாங்குவான்.

இரண்டாவது கிழமை ஒரு காலை. கல்முனையில் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வேனைப் பின்னுக்கு எடுக்கப் போன ஹிமாயா நடுவில் மாட்டிக்கொண்டாள். பின்னால் ஓட்டோ, இடப்பக்கம் மதில், முன்னால் ஒரு லொறி. மூன்று தரம் வெட்டிப் பார்த்தாள். மூன்று தரமும் எஞ்சின் நின்றது. நாலா பக்கமும் ஹோன் அடித்தார்கள். நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது. அந்த நேரம் எதிர்ப்பக்கம் ஸப்னாவின் வேன் வந்தது. இருந்த இடுக்கில் ஒரே வெட்டில் பின்னுக்குப் போய் மதிலோரமாக நின்றது. அந்த இக்கட்டிலும் ஹிமாயாவின் வயிறு எரிந்தது.

ஸப்னா இறங்கி வந்தாள். ஹிமாயாவின் ஜன்னலடியில் நின்றாள். கதவைத் திற என்று சொல்லவில்லை, நான் எடுத்துத் தருகிறேன் என்றும் சொல்லவில்லை. ஓட்டோக்காரனைக் கையைக் காட்டிப் பின்னுக்குப் போக வைத்தாள்.

"வலத்துக்கு ஒடிங்க. இன்னும். இன்னும் ஒடிங்க. மெல்ல விடுங்க கிளச்ச. அவசரமில்ல."

வேன் அசைந்தது. மதிலுக்கும் கண்ணாடிக்கும் இடையில் நாலு விரற்கடைதான் இருந்தது.

"ஸப்னா" என்றாள் ஹிமாயா. அவளை அறியாமலே வந்தது. "அண்டைக்கு நான் செஞ்சது அநியாயம். என்ன மன்னிச்சிப் பொருந்திக்க புள்ள."

"முதல்ல பின்னால பாருங்க ராத்தா."

பின்னால் பார்த்தாள். ஸ்டியரிங்கை ஒடித்தாள். வேன் வெளியே வந்தது. ஸப்னா வேனின் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டினாள், போகலாம் என்பது போல. பிறகு ஜன்னலைப் பார்க்காமல் சொன்னாள்: "பொருந்துறதுக்குக் கொஞ்ச நாள் வேணும்." சொல்லிவிட்டுத் தன் வேனுக்கு நடந்தாள்.

அஸ்னாவுக்கு அன்று வழியிலேயே வயிற்று வலி தொடங்கியிருந்தது. பள்ளிக்கூடம் போகாமல் முன் சீட்டிலேயே சுருண்டு கிடந்தவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாச்சி எவ்வளவு நல்லா ஓட்டுறா, என்ன உம்மா?"

ஹிமாயா பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். "ஓம்" என்றாள். "நல்லாத்தான் ஓட்டுறா."

பிரதான வீதியில் ஸப்னாவின் வேன் அவர்களைக் கடந்து சாய்ந்தமருதுப் பக்கமாகப் போனது. அவளுடைய கை வெளியே நீண்டு, பின்னால் வரும் பஸ்ஸை மெல்ல வரச் சொல்லிக் காட்டியது. ஹிமாயா சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, கியரை மாற்றி, அக்சிலேட்டரைக் கொஞ்சம் கூடவே மிதித்தாள்.